மெல்பர்னுக்குப் போகாத கயிறு

ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்தவன் காரில் வந்தான் என்று அண்ணன் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான். அமெரிக்காவில் நடந்த ஒலிம்பிக், மாரத்தான் ஓட்டம். பாதி வழி தாண்டுமுன்பே ஒருவனுக்குத் தசை பிடித்துக்கொண்டது. கூடவே வந்த காரில் ஏறிக் காற்று வாங்கிக்கொண்டு போனான். கார் மக்கர் பண்ணியதும் இறங்கி, மீதியை ஓடி, கைதட்டலோடு திடலுக்குள் நுழைந்தான். பரிசு கொடுக்கப் போகும் நேரத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. உண்மையாக ஜெயித்தவன் மட்டும் யோக்கியமா? அவனுக்கு வழியெல்லாம் எட்டிக்காய் விஷத்தை முட்டை வெள்ளைக்கருவில் கலந்து, பிராந்தியும் கொடுத்து ஓட்டிக்கொண்டு வந்தார்கள். நான்காவதாக வந்தவன் ஒரு தபால்காரன். பசிக்கு வழியில் ஆப்பிள் பறித்துத் தின்றான். அது அழுகல். வயிறு வலித்து, படுத்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்து ஓடினான்.

அப்பா மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். தூங்கினவனே நாலாவதா வந்தான்னா மத்தவனெல்லாம் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தான் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அண்ணனின் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

அந்தப் புத்தகம் வந்ததே ஒரு பெட்டியால். மலாயா சுதந்திரம் வாங்கப்போகிறது என்று தெரிந்ததும் வெள்ளைக்காரத் துரைகள் சிலர் சாமான்களை ஏலம் விட்டுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மலாக்கா பெண்டஹாரா சாலையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தான். நல்ல தேக்குப் பெட்டி என்று ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்தான். உள்ளே இருந்த புத்தகங்கள் ஓசி. அதில் ஒன்று ஒலிம்பிக் பற்றியது, முதல் ஜெர்மன் சண்டைக்கு முன்னால் அச்சடித்தது. அண்ணன் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவன். தட்டுத் தடுமாறிப் படித்து முடித்தான். அதோடு எங்கள் வீட்டு நிம்மதி போயிற்று.

சோறு இறங்குகிறதோ இல்லையோ, ஒலிம்பிக் இறங்கும். பாரிஸில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டார்கள் என்பான். அப்புறம் சமைச்சாங்களா என்று அம்மா கேட்பாள். ஓவியம் வரைந்தவனுக்கும் கவிதை எழுதினவனுக்கும்கூட ஒலிம்பிக்கில் மெடல் உண்டு என்பான். ஓடாமல் கொள்ளாமல் மெடலா, அப்ப நம்ம ஆபீஸ்ல உக்காந்து எழுதுற கிராணிமாருக்கும் கொடுக்கலாம் என்பார் அப்பா. அப்பாவுக்குப் பிடித்த கதை ஒன்றே ஒன்று. அது பத்திரிகையில் வந்தது: யுத்தம் முடிந்து லண்டனில் நடந்த ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணி வெறுங்காலோடு ஆடியது. இதைச் சொன்னால் மட்டும் நிமிர்ந்து உட்காருவார். அந்த ஆட்டத்தில் இரண்டு பெனால்டியை வெளியே அடித்துத் தோற்றார்கள் என்பதை அண்ணன் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. வீட்டில் ஒருவராவது சந்தோஷமாக இருக்கட்டுமே.

அப்பா நாகப்பட்டினம் பக்கத்துக்காரர். வாலிபத்தில் கப்பலேறி வந்து, தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலையில் சேர்ந்து, மலாக்காவின் பாதிச் சாலைகளை ஒரு தடவையாவது தோண்டிப் பார்த்தவர். அம்மா இங்கே காஜா பேராங்கிலேயே பிறந்தவள், மலாக்கா செட்டி. அவளுடைய ஆட்கள் சுல்தான் காலத்திலிருந்து இங்கே இருப்பவர்கள். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய், நடுநடுவே நாலு தமிழ்ச் சொல். கல்யாணம் ஆன புதிதில் அம்மா வீட்டார் அப்பாவை வந்தவன் என்பார்களாம். அப்பா அவர்களைத் தமிழ் மறந்ததுகள் என்பாராம். சம்பந்தம் அப்படித்தான் ஆரம்பித்தது.

எங்கள் அம்மன் கோயில் தேருக்குக் கயிறு இழுப்பதில் அப்பாதான் தலை. அதில் யாருக்கும் தகராறு கிடையாது. மாட்டுவண்டிக்காரர், விறகுக்கடை ஆட்கள், அப்பாவோடு குழாய் பதிக்கிறவர்கள் என்று எட்டுப் பேர் அவர் சொல் கேட்டு இழுப்பார்கள். இழுப்பதைவிட நிறுத்துவதுதான் வேலை என்பார் அப்பா. வீட்டுக்கு வீடு வாசலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்பார்கள். கற்பூரத்தைக் கொளுத்திக் காட்டினால் தேர் நிற்க வேண்டும். சுடர் தெரிகிறது என்றால் சக்கரத்துக்கு முன்னால் ஆள் நிற்கிறது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டுகூட நிற்கும். அதனால் சுடர் கண்ணில் பட்டதும் எத்தனை பேர் இழுத்தாலும் கயிறு ஒன்றாகத் தொய்ய வேண்டும். யோசிக்கக் கூடாது. பக்கத்து ஆளைப் பார்க்கக் கூடாது. வருஷக்கணக்காக இதைத்தான் அவர்களுக்குப் பழக்கி வைத்திருந்தார்.

அண்ணனின் புத்தகத்தில் கயிறு இழுக்கும் போட்டி வந்தது. ஆமாம், ஒலிம்பிக்கில். ஓட்டம், தாண்டுதல் மாதிரி அதுவும் ஒரு பந்தயம், மெடல் உண்டு. லண்டனில் அந்தக் காலத்தில் நடந்த ஒலிம்பிக்கில் ஒரு ஊர்ப் போலீஸ் அணி கனத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து இழுத்தது. எதிரணியான அமெரிக்கர்கள் இது அநியாயம் என்று சண்டைக்கு நின்றார்கள். போலீஸ்காரன் தினமும் போடுகிற பூட்ஸ்தானே என்று தீர்ப்பாயிற்று. அமெரிக்கர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். இதைப் படித்த அன்று அண்ணனுக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் தேர்க்கயிறு ஆட்களைக் கோப்பிக்கடையில் கூட்டி, மெல்பர்னில் ஒலிம்பிக் வரப்போகுது, மலாயாவும் போகுது, உலகத்திலேயே தேர் இழுத்துப் பழகின அணி நம்மதான் இருக்கும் என்று பிரசங்கம் பண்ணினான். அவர்களும் மண்டையை ஆட்டினார்கள். ஆலமரம் ஒன்றில் கயிற்றைக் கட்டி இழுத்துப் பழகினார்கள். மரம் நின்றது. கயிறு இரண்டு முறை அறுந்தது.

மெல்பர்னுக்கு யாரும் கூப்பிடவில்லை. சரி, முதல் தடவைதானே, யார் ஜெயிக்கிறான் என்றாவது கேட்போம் என்று கோப்பிக்கடை வானொலி முன்னால் சாயங்காலமானால் எட்டுப் பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். ஓட்டம் வந்தது, நீச்சல் வந்தது. குதிரைப் பந்தயம் மட்டும் அங்கே நடக்கவில்லை. வெளிநாட்டுக் குதிரையை ஆஸ்திரேலியாவுக்குள் விடமாட்டார்கள் என்று சில மாதம் முன்னாலேயே சுவீடனில் வைத்து முடித்துவிட்டார்களாம். ஒலிம்பிக் ஒரு கண்டத்தில், குதிரை வேறொரு கண்டத்தில். அப்படியென்றால் கயிற்றையும் வேறெங்கேயோ வைத்திருப்பான் என்று மாட்டுவண்டிக்காரர் தைரியம் சொன்னார். கடைசி நாளும் முடிந்தது. கயிறு வரவில்லை. கடைக்காரச் சீனர் வானொலியை அணைத்துவிட்டு எட்டுப் பேருக்கும் கோப்பிக்கான காசை வாங்கிக்கொண்டார்.

அப்புறம் யாரோ ஒரு விளையாட்டு வாத்தியாரை விசாரித்ததில், கயிறு இழுப்பதை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று தெரிந்தது. அண்ணன் பிறக்கும் முன்னாலேயே எடுத்துவிட்டார்கள். அப்பா, நல்லவேளை, அந்தப் பழி உன் மேல வராது என்றார். பசாருக்குப் போனால் அண்ணனைப் பார்த்து, தம்பி, கயிறு வந்துருச்சா என்று கேட்காத ஆள் இல்லை. அவன் அந்தப் பக்கம் போவதையே கொஞ்ச காலம் நிறுத்திக்கொண்டான்.

அதே சமயத்தில்தான் அப்பா ஊருக்குத் திரும்பும் பேச்சை எடுத்தார். முன்பும் சொல்லுவார்தான், பொங்கலுக்குப் பொங்கல். இந்த முறை விளையாட்டில்லை. வெள்ளைக்காரனே மூட்டை கட்டுறான், நமக்கு இங்கே என்ன இருக்கு என்றார். நாகப்பட்டினத்தில் அவர் தம்பி ஒரு வீடு பார்த்து வைத்துவிட்டார். எனக்கு அப்போது தமிழ்ப் பள்ளியில் உதவி ஆசிரியை வேலை கிடைத்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. நாகப்பட்டினத்தை நான் அப்பா வாயில்தான் பார்த்திருக்கிறேன். போகமாட்டேன் என்று அழுதேன், கத்தினேன், ஒருவேளை சாப்பிடாமலும் இருந்தேன். எனக்கு வாய் நீளம், அதனால் என் பாடு எல்லோருக்கும் தெரிந்தது.

அம்மா தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா, தங்கைகள், மாமன்மார் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். செத்தவர்களும் இந்த மண்ணில்தான் இருந்தார்கள். அவர்களுக்கு வருஷா வருஷம் படையல் போடுகிறவள் அவள். அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தவளிடம், நீயாவது வாயைத் திறந்து சொல்லேன் என்று நான் எரிந்து விழுந்தேன். அரைப்பதை நிறுத்தவில்லை.

"அவர் திரும்பிப் போறார். நான் எங்கே திரும்புறது?"

அவ்வளவுதான் சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு என் வேலையைவிட அம்மாதான் பெரிய கவலை.

சுதந்திரத்தை ஒட்டிக் கடலோரத் திடலில் விளையாட்டுப் போட்டிகள் வைக்கப்போவதாகச் செய்தி வந்தது. சுதந்திரத் தேதியை நாட்டுக்கே முதலில் அறிவித்த திடல், அதனால் ஊருக்கு அதில் கொஞ்சம் கர்வம். போட்டிகளில் கயிறு இழுப்பதும் இருந்தது. அண்ணனுக்கு உயிர் வந்தது. அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் நேராகக் கேட்டுவிட்டான்: தேர் ஆட்கள் ஜெயித்தால் நாம் இங்கேயே இருந்துவிட வேண்டும், ஒப்புக்கொள்கிறீர்களா?

அப்பா யோசித்தார். கிளேபாங் மீன்பிடிக்காரர்களும் அணி சேர்த்திருந்தது அவருக்குத் தெரியும். கரையில் நின்று கடலுக்குள் கிடக்கும் வலையை இழுக்கிற மலாய்க்காரர்கள். அவர்களை யாரும் ஜெயித்ததாக ஊரில் பேச்சில்லை. அதனால் சரி என்றார். தோற்றால் யாரும் மூக்கைச் சிந்தக் கூடாது, வாயை மூடிக்கொண்டு கப்பல் ஏற வேண்டும் என்றும் சொன்னார். ஒரு குடும்பம் எந்த நாட்டில் இருப்பது என்பதை இப்படித்தான் முடிவு பண்ணினோம். மற்ற வீடுகளில் எப்படி என்று எனக்குத் தெரியாது. அம்மா யாரையும் பார்க்காமல் அப்பாவுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

போட்டியன்று காலையில் மாட்டுவண்டிக்காரரின் மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. அவர் வண்டியைப் பூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். கயிற்றின் கடைசி ஆள் அவர்தான், நல்ல கனம். ஏழு பேரை வைத்து இழுக்க முடியாது. அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். அப்புறம் அவனுக்குப் புத்தகம் ஞாபகம் வந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் இப்படித்தான் ஓர் அணிக்கு ஆள் குறைந்தது. பத்திரிகைக்குச் செய்தி எழுத வந்த ஒருவரைப் பிடித்துக் கயிற்றைக் கையில் கொடுத்தார்கள். அந்த அணியே ஜெயித்தது. செய்தி எழுதுகிறவனே இழுக்கலாம் என்றால் தேர்க்கயிற்றுக்குத் தலையாக இருக்கிறவர் இழுக்கக் கூடாதா? போய் அப்பாவிடம் நின்றான்.

எதிர்க்கட்சியையே கூப்பிட்டு நம் பக்கம் நிறுத்துகிறான், இவன் மூளையை நாய்க்குத்தான் போட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்லியும் விட்டேன். அப்பா சும்மா பிடித்துக்கொண்டு நிற்பார், நாம் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். கயிற்றைப் பிடித்தால் இழுக்க மட்டும்தான் தனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டப் போனார்.

சொன்னபடி இழுத்தார். முதலில் வந்தது ஒரு ஆபீஸ் அணி. கயிறு இறுகியதும் அவர்களே எங்கள் பக்கம் வந்து சேர்ந்துவிட்டார்கள். அடுத்தது பூட்ஸ் போட்ட அணி. அண்ணன் லண்டன் வழக்கை நடுவரிடம் சொல்லுவதற்கு இங்கிலீஷில் தயார் பண்ணி வைத்திருந்தான். எங்கள் ஆட்கள் வெறுங்காலைப் புல்லில் ஊன்றி அவர்களையும் இழுத்துப் போட்டார்கள். அண்ணனின் இங்கிலீஷ் வீணாயிற்று. அவனுக்கு அதில் சின்ன வருத்தம்கூட.

கடைசிப் போட்டி கிளேபாங்கோடு. மூன்று தடவை இழுக்க வேண்டும், இரண்டில் ஜெயிப்பவர்களுக்குக் கோப்பை. கிளேபாங்காரர்கள் கத்தமாட்டார்கள், முறைக்கமாட்டார்கள். ஒருவன் மெதுவாகப் பாட்டு மாதிரி ஏதோ சொல்லுவான், மற்றவர்கள் அதற்குச் சாய்வார்கள். வலையைத் தொட்டுவிட்டால் அவர்கள் நிறுத்தவே மாட்டார்கள், நிறுத்தினால் மீன் போய்விடும். முதல் தடவை அவர்களுக்கு. இரண்டாவது தடவை எங்களுக்கு. அப்பாவின் முதுகெல்லாம் வேர்வை, உள்ளங்கை தோல் உரிந்து ரத்தம்.

மூன்றாவது தடவை கயிறு எந்தப் பக்கமும் போகவில்லை. அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக, விரற்கடை விரற்கடையாக, நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணி எங்கள் பக்கம் வந்தது. நான் அண்ணனின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன். ஜெயிக்கப் போகிறோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பக்கத்தில் அம்மா இல்லை என்று அப்போதுதான் பார்த்தேன்.

கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கொடிக்கயிற்றைத் தாண்டித் திடலுக்குள் போயிருந்தாள். வேண்டிக்கொண்டு கையோடு கொண்டு வந்த அர்ச்சனைத் தட்டு, அதில் தேங்காய், வெற்றிலை. சிவப்புத் துணிக்கு ஓரமாக, எங்கள் ஆட்களுக்கு நேர் எதிரே நின்றாள். கடல்காற்றுக்குக் கையை அணைத்துக் கற்பூரத்தைக் கொளுத்தினாள். தட்டைத் தூக்கிக் காட்டினாள்.

எட்டுப் பேரும் நின்றார்கள். ஒருவன்கூட யோசிக்கவில்லை, பக்கத்து ஆளைப் பார்க்கவில்லை. சுடர் தெரிந்ததும் கயிறு ஒன்றாகத் தொய்ந்தது. அப்பா பழக்கின பழக்கம், ஒரு குறை சொல்ல முடியாது. கடைசி ஆளாக நின்ற அப்பா கயிற்றை விட்டுக் கையையே கூப்பிவிட்டார். எதிர்ப்பக்கம் கிளேபாங்காரர்கள் மொத்தமாக மல்லாந்து விழுந்தார்கள். விழுந்தும் இழுப்பதை விடவில்லை. எங்கள் ஆட்களில் நாலு பேர் புல்லில் குப்புற இழுபட்டுப் போனார்கள். நடுவர் விசிலடித்தார்.

அம்மா தட்டைப் பிடித்தபடியே நின்றாள். என்ன பண்ணினோம் என்பது அவளுக்கு மெதுவாகத்தான் விளங்கியது. அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. கற்பூரம் எரிந்து அணையும்வரை யாரும் அவள் பக்கத்தில் போகவில்லை.

அண்ணன் நடுவரிடம் ஓடினான். ஒலிம்பிக்கில் முறையீடு செய்ய இடம் உண்டு, ஆள் உள்ளே வந்துவிட்டது, இன்னொரு தடவை இழுக்க விட வேண்டும் என்று வாதாடினான். அப்பா போய் அவனைத் தோளைப் பிடித்து இழுத்து வந்தார். தோத்தாச்சுடா, வா என்றார். கிளேபாங் தலைவரிடம் போய்க் கை கொடுத்தார். அவர் அப்பாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் தலைத்துணியை அவிழ்த்துச் சுற்றிக் கட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்தோம். அம்மா விளக்கேற்றினாள், பரணிலிருந்து செப்புப் பாத்திரங்களை இறக்கினாள், துடைத்து ஒரு சாக்கில் போட ஆரம்பித்தாள். பந்தயம் பந்தயம்தானே. அப்பா கையில் கட்டோடு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார், கோபமாகக்கூட இல்லை, புரியாதவர் மாதிரிதான் கேட்டார்.

"தேரும் இல்லை, சாமியும் இல்லை. அங்கே எதுக்குக் கற்பூரம் காட்டினே?"

அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவள் தமிழில் ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும்.

"இவ்வளவு வருஷம் நீங்க அம்மனுக்கு இழுத்தீங்க. நம்ம வீட்டுக்கு நீங்க இழுத்தது இன்னைக்குத்தான் நான் பார்த்தேன்."

அப்பா எழுந்து வெளியே போய் வாசலில் நின்றார். வெகுநேரம் நின்றார். அம்மா சாக்கின் வாயைக் கட்டிவிட்டுப் படுத்துக்கொண்டாள். தூங்கியிருக்கமாட்டாள்.

காலையில் அண்ணன் கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, எப்ப கிளம்பணும் என்று தலையைத் தூக்காமல் கேட்டான். கடையில் சொல்ல வேண்டும், தங்கச்சி பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டும் என்றான். அப்பா கட்டுப் போட்ட கையால் கோப்பையைப் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"தோத்த கட்சியில நானும்தான்டா இருந்தேன். ஜெயிச்சவன் கிளேபாங்காரன். அவனா நம்மைப் போகச் சொன்னான்?"

அண்ணன் என்னைப் பார்த்தான், நான் அண்ணனைப் பார்த்தேன். அம்மா அடுப்புக்கு முன்னால் குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. அப்பா எழுந்து அடுப்பங்கரை வரைக்கும் போனார். நிலையைப் பிடித்துக்கொண்டு, நாம இங்கேயே இருக்கோம் என்று சொன்னார். அதை மலாயில் சொன்னார், செட்டிகள் வீட்டில் பேசும் மலாயில். வேலையிடத்தில், பசாரில் அவர் யாரோடும் மலாய் பேசுவார். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அம்மாவிடம் அவளுடைய பாஷையில் ஒரு வார்த்தை பேசினதில்லை. அம்மாதான் தமிழுக்கு வந்தாள். உச்சரிப்பு படுமோசம், சொன்னதில் ஒரு சொல் தப்பு வேறு.

அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். அந்த ஒரு சொல்லை மட்டும் திருத்தினாள். அப்பா திரும்பச் சொன்னார், சரியாக.